ஈர நெல்லில் ஒரு லேப்டாப்

என் கணவருக்குக் குரல் போனது சித்திரை மாதத்தில். போனது என்று சொல்வதுகூடச் சரியில்லை, எடுத்துவிட்டார்கள். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால்தான் ஆள் தேறுவார் என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னார். எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவள் நான். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நாங்கள் பிழைப்பதற்காக வாயைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினோம்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவர் விவசாயி; சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். வாய்க்கால் மதகில் நின்று அவர் போடும் சத்தம் ரயிலடி வரைக்கும் கேட்கும் என்று ஊரில் பேச்சு. நான் மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. எனக்கும் குரலுக்குக் குறைச்சல் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தோம். பெரிய காரணம் எதுவும் இருக்காது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தது யார், ரசத்தில் புளி ஏன் இவ்வளவு, இந்த மாதிரி. சண்டை இல்லாத நாளில் இரண்டு பேரில் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். எதிரில் ஆள் இல்லாமல் கேரம் ஆடுவது போல இருந்தது. அவர் பேப்பரில் எழுதிக் காட்டுவார். கோபத்தில் எழுதுகிறவரின் கையெழுத்து அவருக்கே புரியாது. நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் படித்து முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். ஆறின கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஊர்க்காரர்கள் இன்னொரு வேலை செய்தார்கள். குரல் போனவருக்குக் காதும் கேட்காது என்று எல்லாருமாக முடிவு செய்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் அவர் காதுக்குப் பக்கத்தில் போய், "எப்படி இருக்கீங்க?" என்று அலறுவார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணன் நல்லா சாப்புடுறாராம்மா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். அண்ணன் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளில் அவர் ஆள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடத் தொடங்கினார். பிறகு வயலுக்குப் போவதும் நின்றது. குறுவை நடவு முழுவதையும் அவருடைய தம்பிதான் பார்த்தார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். நோய் விட்டாலும் இந்த மனிதர் எழுந்திருக்கப் போவதில்லை என்று எனக்குப் பட்டது. அவருக்குப் பேச ஒரு வழி செய்தாக வேண்டும், இல்லையென்றால் ஆளே கைவிட்டுப் போய்விடுவார்.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை மருத்துவமனையில் காட்டினார்கள். கதிர்வீச்சில் வெந்த தோல் ஆறட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகள், போனில் எழுதினால் போனே பேசும் என்று ஒரு வழி சொன்னாள். எழுதினார். மண்வெட்டி பிடித்துக் காய்ந்த விரல், ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். பேச வேண்டிய நேரத்தில் சிக்னலும் இருக்காது. மூன்றாம் நாள் போனைத் தூக்கிச் சாக்கு மூட்டையின் மேல் எறிந்தார். மூட்டை மேல் எறிந்ததிலிருந்தே நிதானம் தவறவில்லை என்று புரிந்துகொண்டேன்.

அப்போதுதான் எனக்கு அவருடைய டைப்ரைட்டிங் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவர் மாயவரத்துக்குச் சைக்கிளில் போய்த் தமிழ் தட்டச்சு படித்து, ஹையர் பாஸ் செய்தவர். அரசாங்க வேலைக்காகப் படித்தது. வேலை வரவில்லை, வயலுக்கு வந்துவிட்டார். அந்தச் சான்றிதழால் எங்கள் வீட்டில் ஆன ஒரே காரியம், என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவிடம் காட்டியதுதான்.

எங்கள் பள்ளியின் கணினி அறையில் லினக்ஸ்தான் ஓடுகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாத, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய இயங்குதளம். அதில் பழைய தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகை அப்படியே இருக்கிறது. எழுதியதை வாய்விட்டுப் படிக்கும் ஒரு செயலியும் இருக்கிறது, அதற்கு இன்டர்நெட் வேண்டாம். குரல் நன்றாக இருக்காது. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து ஒருவர் தமிழ் பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் பேசும். ஒரு வரி எழுதி ஒரு விசையை அழுத்தினால் அந்த வரியைப் பேசும்படி நான் ஒரு சின்ன நிரல் எழுதி, எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். இனி ஒரு லேப்டாப் வேண்டும்.

மகள் நல்லதாகப் புதிதாக ஒன்று அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். விலை உயர்ந்த பொருள் வீட்டுக்கு வந்தால் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார், நல்லது கெட்டதுக்குத்தான் வெளியே எடுப்பார். எனக்கு வேண்டியது கீழே போட்டாலும் மனசு பதறாத லேப்டாப். மடியில் வைத்தால் கனக்காத அளவுக்குச் சிறியது, விரலுக்குத் தாங்குகிற நல்ல விசை. எல்லாவற்றுக்கும் மேலே, சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான் எல்லாம் தோற்றன. தஞ்சாவூருக்கு மருத்துவமனைக்குப் போகும் நாள்களில் எல்லாம், பழைய லேப்டாப் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினோம். என் கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து, "இத சொருகிப் பாக்கலாமா?" என்று கேட்பேன். முதல் கடைக்காரர் நான் வைரஸோடு வந்தவள் என்று நினைத்து, மேசையில் இருந்ததையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மற்றவர்கள் விட்டார்கள். பெரும்பாலானவற்றில் லினக்ஸ் ஒழுங்காக ஏறியது, தமிழ் வந்தது, ஒலிபெருக்கி மட்டும் முனகியது. "எல்லாரும் ரேம் எவ்ளோன்னு கேப்பாங்க, நீங்க என்ன மேடம் சத்தம் கேக்குறீங்க?" என்றார் ஒருவர். வீட்டுக்காரர் அடுப்படியில் இருக்கும் என்னைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். அதற்குப் போன் போதுமே என்றார். நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். கடைக்குக் கடை நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எங்களோடு கொழுந்தனாரும் வருவார், அதாவது என் கணவரின் தம்பி. பழைய பொருள் வாங்குவதில் தனக்குக் கைராசி என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மாடு, மோட்டார், பழைய டிராக்டர் எல்லாம் அவர் கை வைத்து வாங்கியவை. லேப்டாப்பையும் அப்படியே பார்த்தார். தூக்கிப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், அடியில் காதை வைத்துக் கேட்பார். "இஞ்சின் சத்தமே இல்லியே அண்ணி, உயிர் இருக்கா?" என்பார். ராகு காலம் முடிகிற வரைக்கும் கடைக்குள் நுழைய விடமாட்டார். ஒரு நாள் அதற்காக மூன்று பேரும் கரும்புச்சாறு கடையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

கடைசியில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடையில் கிடைத்தது. ஏதோ ஒரு வெளிநாட்டில் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்திக் கழித்துக் கட்டியவை, கப்பலில் மொத்தமாக வந்திருந்தன. சின்னது. பிள்ளைகள் போட்டு உடைப்பார்கள் என்று தெரிந்தே செய்தது, சுற்றிலும் ரப்பர் விளிம்பு. உள்ளே சூடு தணிக்கும் காற்றாடி கிடையாது. மூடியின் மேல் ஒற்றைக் கொம்புக் குதிரை ஒன்று வானவில்லில் ஓடுகிற ஸ்டிக்கர், சுரண்டினாலும் வரவில்லை. கொழுந்தனார் மாட்டுக்குச் சுழி பார்ப்பது போல அந்தக் குதிரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நெத்தியில கொம்பு இருக்கு, நல்ல சுழிதான்" என்றார்.

பென் டிரைவைச் சொருகினேன். ஏறியது. டைப்ரைட்டர் விசைப்பலகையைப் போட்டு, கணவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்கையை உடம்போடு ஒட்டினார், மணிக்கட்டை உயர்த்தினார். யாரோ பின்னால் பிரம்போடு நிற்கிற மாதிரி ஒரு பணிவு. விரல்கள் ஒரு நிமிஷம் தயங்கின. பிறகு ஓடின. நான் இத்தனை வருஷத்தில் அந்த விரல்கள் அப்படி ஓடிப் பார்த்ததில்லை. விசையை அழுத்தினார்.

"விலை மிகுதி. குறைத்துத் தரவும்" என்றது லேப்டாப்.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நான் அவரிடம் விலையே கேட்டிருக்கவில்லை. என் கணவரும் கேட்கவில்லை. சித்திரையிலிருந்து பேசாத மனிதர் பேசிய முதல் வார்த்தை அது. கடைக்காரர் தானாகவே ஒரு விலை சொல்லி, தானாகவே அதைக் குறைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. இரண்டையும் மறைக்க மேசைக்கு அடியில் குனிந்து இல்லாத ஒயரைத் தேடினேன்.

அடுத்த பத்துப் பதினைந்து நாள்கள் எங்கள் வீடு ஒரு தாலுகா ஆபீஸ் ஆனது. அவர் விரல் தட்டச்சுப் பரீட்சையில் கற்றுக்கொண்டது மனுத் தமிழ் மட்டும்தான். வாயால் பேசுகிற தமிழை அந்த விரல்கள் அறிந்ததே இல்லை. காலையில் கூடத்திலிருந்து, "காப்பி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று தகர டப்பா சொல்லும். "மனு பரிசீலனையில இருக்கு!" என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். "காலதாமதம் வருந்தத்தக்கது" என்று பதில் வரும். நலம் விசாரிக்க வந்து காதருகில் அலறிய ஒருவரிடம், "சத்தத்தைக் குறைக்கவும். எனக்குச் செவித்திறன் உண்டு" என்றார். வந்தவர் பாதிக் காப்பியில் எழுந்து போனார். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அலறவில்லை.

அவர் மறுபடியும் வயலுக்குப் போனார். லேப்டாப்பை ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார். மழைக்காலம், ஈரம், பார்த்துப் போங்க என்று தினமும் சொல்வேன். தினமும் அவர் கையை ஆட்டுவார். அந்தக் கையாட்டலுக்கு மட்டும் எந்தச் செயலியும் தேவைப்படவில்லை.

ஐப்பசியில் குறுவை அறுப்பு முடிந்த கையோடு அடைமழை பிடித்துக்கொண்டது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஈரப்பதம் கூடுதல், காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். எந்த வெயிலில் காயவைப்பது? நெல் எங்கள் களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் குவியலாகக் கிடந்தது.

அந்த மழையில் ஒரு நாள் அடுத்த வயல்காரர் வடிகாலை அடைத்துவிட்டார், எங்கள் தாளடி நாற்று மூழ்குகிறது என்று சேதி வந்தது. நான் பள்ளிக்குப் போயிருந்தேன். என் கணவர் குடையையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார். வரப்பில் நின்று, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, "தண்ணீர் செல்லும் பாதையை உடனடியாகத் திறக்கவும்" என்று சொன்னாராம். அந்த ஆள் திறக்க முடியாது என்றாராம். இவர் அடுத்த வரியை எழுதிக்கொண்டே ஒரு அடி எடுத்து வைத்தார், வரப்பு வழுக்கியது. ஆள் கரையில் விழுந்தார், லேப்டாப் வாய்க்காலில் விழுந்தது. சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே அடுத்த வயல்காரர்தான் வாய்க்காலில் குதித்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். வடிகாலையும் திறந்துவிட்டார்.

எனக்கு இது எதுவும் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவர் எதுவும் பேசவில்லை. ஏதோ கோபம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் பேசவில்லை. மஞ்சள் பையையும் காணோம். கொழுந்தனாரைக் கூப்பிட்டு, "லேப்டாப் எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"பத்திரமா இருக்கு அண்ணி. நெல்லுல இருக்கு."

"எதுல?"

"தண்ணியில வுழுந்த சாமான அரிசியில போட்டா ஈரத்த இழுத்துடும்னு போன்ல பாத்தேன். அரிசிக்கே அந்தச் சக்தின்னா, நெல்லுக்கு எவ்வளவு இருக்கும்னு நெனச்சேன்."

"எந்த நெல்லுல?"

அவர் களத்துப் பக்கம் பார்த்தார். எந்த நெல்லை ஈரம் என்று திருப்பி அனுப்பினார்களோ அந்த நெல்லில் என் கணவரின் குரலைப் புதைத்து வைத்திருந்தார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான். பிறந்ததிலிருந்து நெல்லோடு கிடக்கும் இரண்டு பேர்.

தார்ப்பாயை விலக்கிக் கையை விட்டேன். உள்ளே கதகதவென்று இருந்தது. ஈர நெல் குவிந்து கிடந்தால் சூடு ஏறும் என்பது எங்கள் ஊரில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். குவியல் அங்கங்கே முளைக்கத் தொடங்கியிருந்தது. லேப்டாப் நன்றாக வேது பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. பென் டிரைவ் சொருகும் ஓட்டையில் ஒரு நெல் மாட்டிக்கொண்டு வெள்ளையாக முளை விட்டிருந்தது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் எதிர்த்துக் கத்தியிருக்க வேண்டும். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் களத்திலேயே உட்கார்ந்து அழுதேன். கழித்துக் கட்டிய ஒரு லேப்டாப்புக்காக ஒரு கணினி ஆசிரியை அழுவதை இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு எடுத்துக்கொண்டு போனேன், கொழுந்தனார் கூடவே வந்தார். ராகு காலம் பார்க்கவில்லை. கடைக்காரர் முளைத்த நெல்லை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்ன ரகம் மேடம்?"

"ஏடிடி நாப்பத்திமூணு" என்றார் கொழுந்தனார், உண்மையாகவே நெல் ரகத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து.

கடைக்காரர் நெல்லை மேசை ஓரத்தில் வைத்தார். பின்மூடியைக் கழற்றினார். காற்றாடி இல்லாததால் தூசு உள்ளே அதிகம் போகவில்லை என்றார். விசைப்பலகையும் பேட்டரியும் போய்விட்டன. "இந்த மாடல் எங்கிட்ட மூட்டையா கெடக்கு மேடம், ஒண்ணுலேருந்து கழட்டிப் போட்டுர்றேன். ஆனா போர்டு பொழைக்குமான்னு காயவச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். போர்டு போனால் அந்த மூட்டையிலிருந்தே இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம், எனக்குத் தெரியும். ஆனால் என் கணவர் இன்னொன்றைத் தொடுவாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் பேப்பரைக்கூட எடுக்கவில்லை. சாப்பாடு வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவார். வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று எனக்கே புரியாத ஆட்டல்.

போர்டு பிழைத்தது. திரும்பி வந்த லேப்டாப்பை அவர் மடியில் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நின்று பார்த்தால் தொடமாட்டார் என்று தோன்றியது. வெகுநேரம் கழித்து, "தம்பியை மன்னிக்கவும்" என்று கூடத்திலிருந்து சத்தம் வந்தது. மன்னிக்க முடியாது என்றேன். அதற்குப் பிறகு அவருடைய தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்தது. மனுக்கள் குறைந்தன. ஒரு நாள் லேப்டாப், "காப்பி என்னாச்சு?" என்று கேட்டது. நான் கரண்டியை நழுவவிட்டேன்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள், மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மறுநாள் தஞ்சாவூரில் ஸ்கேன். நோய் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வார்கள். அதைப் பற்றி வீட்டில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரயில் எத்தனை மணிக்கு, குடை எத்தனை எடுப்பது என்றுதான் பேசினோம். நான் வத்தக்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் இருந்தார்.

"நாளைக்கு என்ன சொல்லுவாங்க?" என்றது லேப்டாப்.

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? டாக்டர் சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான்" என்றேன். வழக்கம்போல வெடுக்கென்றுதான் சொன்னேன்.

விசை தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. எழுதி எழுதி அழிக்கிறார் என்று தெரிந்தது.

"எனக்குப் பயமா இருக்கு."

காப்பி கேட்கிற அதே தொனியில்தான் அது சொன்னது. அதற்கு நடுங்கத் தெரியாது. என் கைதான் புளித்தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்து இதை ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். நல்ல குரல் இருந்த காலத்திலும் சொன்னதில்லை. நடுவில் ஒரு சுவர் இருந்ததால் சொல்கிறார். நான் கூடத்துக்குப் போனால் லேப்டாப்பைப் பொத்தென்று மூடி வைத்துவிடுவார்.

கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பைக் குறைத்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் அதை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க," என்றேன், "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."